நாலு பேருக்கு ரசம்

வீரசோழனிலிருந்து அக்கா மகன் லண்டனுக்குப் படிக்கப் போகிறான். "சனி, ஞாயிறுன்னா யாரோட சுத்துவானோடி!" என்று அக்கா புலம்புகிறாள். எனக்கோ, ஆளில்லாமல் அறையிலேயே முடங்குவானோ என்றுதான் கவலை, சகோதரிகளே.

கணித மேதை ராமானுஜன் 1914-இல் கேம்பிரிட்ஜ் போனார். குளிருக்கு ஓவர்கோட்டோடு தூங்கினாராம். மெத்தை விரிப்புக்கடியில் கம்பளிகள் செருகியிருப்பதே தெரியவில்லை, பாவம்! எடுத்துக்காட்டியவர் அங்கே படித்த வங்காளி நண்பர் மகலனோபிஸ். ஞாயிறு காலைகளில் இருவரும் நெடுந்தூரம் நடப்பார்கள். ராமானுஜன் தன் அறையில் காய்கறி சமைத்து அவரைச் சாப்பிடக் கூப்பிட்டதும் உண்டு.

அதனால்தான் பையனுக்கு நாலு பேருக்கான அளவில் ரசம் வைக்கப் பழக்குகிறேன். நெல்லிக்காயளவு புளி, இரண்டு தக்காளி, மிளகு சீரகம் தலா ஒரு டீஸ்பூன். பக்கத்து அறைப் பையன்களையும் கூப்பிடட்டும். வத்தலை மட்டும் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். நம்மூர்க் காரத்துக்கு அவர்கள் ஓடியே போய்விடுவார்கள்!