அடுப்படியில் ‘உதவி’ என்றொரு சொல்

பிள்ளைகளுக்குச் சமையல் கற்பிக்க வேண்டும் என்று இன்று பலரும் பேசுகின்றனர். ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் ‘அம்மாவுக்கு உதவி செய்’ என்பதில் வந்து முடிகிறது. பிறருடைய வேலையில் கைகொடுப்பதே உதவி. ஆகவே அடுப்படி அம்மாவுக்கே உரியது என்று உறுதிசெய்துவிட்டுத்தான் இவ்வாக்கியம் பிள்ளையை உள்ளே அழைக்கிறது. உண்பவர் அனைவருக்கும் உரிய வேலையில் ஒருவர் செய்வதற்குப் பெயர் பங்கு.

சமையல் ஆணின் இயல்புக்கு ஒவ்வாது என்னும் வாதம் திருப்பதியிலும் எழுவதுதான் விந்தை. ‘போட்டு’ எனப்படும் திருமலை மடைப்பள்ளியில் மரபாகச் சமைப்போர் ஆண்களே. 2009இல் புவிசார் குறியீடு பெற்ற லட்டும் அவர்கள் கைப்பக்குவமே. அங்கும் சமையலை மேற்பார்வையிடுபவளாக நம்பப்படுபவள் பெருமாளின் தாய் வகுளமாதா! மலைமேல் ஆண் சமைத்தால் கைங்கரியம். திருமண மண்டபத்தில் சமைத்தால் தொழில். சித்தூரில் தன் வீட்டில் சமைத்தால் ‘மனைவிக்கு உதவி’, அல்லது பரிகாசம். ஆண் விலகி நிற்பது அடுப்பைக் கண்டு அன்று. மதிப்பும் கூலியும் இல்லாத அடுப்பைக் கண்டே.

மொழியும் இதற்குச் சான்று. இவ்வட்டாரத்தின் இரு மொழிகளிலும் உயர்ந்த சமையலுக்குப் பெயர் நளபாகம்; பாராட்டு ஓர் அரசன் பெயரில். அன்றாட அடுப்புக்கோ தமிழில் இல்லாள், தெலுங்கில் இல்லாலு. ‘இல்லான்’ என்றால் வழக்கில் அவன் வறியவன், வீட்டுக்குரியவன் அல்லன்.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஆறு வயதிலிருந்தே தொடங்குகிறது. ஊதியமற்ற வீட்டுவேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 81.2 விழுக்காடு, ஆண்கள் 26.1. ஈடுபட்டோருள்ளும் பெண்கள் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97. 2024இல் இது முறையே 289, 88. இத்தனைக்குப் பிறகும் ‘படிப்பு கெடும்’ என்னும் கவலை மகனுக்காக மட்டுமே எழுகிறது. தேர்வுக்குப் படிக்கும் அண்ணனுக்குக் காப்பி கொண்டுவந்து வைக்கும் தங்கைக்கும் தேர்வு உண்டு.

தீயும் கத்தியும் ஆபத்து என்பர். ஆறு வயதில் கீரை ஆயலாம். பத்து வயதில் அரிசி களைந்து நீர் அளக்கலாம். பதின்மூன்றில் ஒருவேளைச் சோறும் குழம்பும் ஆக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணி பங்கீடு ஆகாது. நாளைக்கு என்ன சமைப்பது என்று முந்தைய இரவே எண்ணுவதும், பருப்பு தீர்ந்ததை அறிவதும், அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பதும் சேர்ந்ததே சமையல்.

இதனைக் குடும்பங்களின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிட இயலாது. ஜப்பான் 1993இல் நடுநிலைப் பள்ளியிலும் 1994இல் உயர்நிலைப் பள்ளியிலும் மனையியலை இருபாலருக்கும் கட்டாயமாக்கியது. கேரளத்தின் 2024ஆம் ஆண்டு மூன்றாம் வகுப்புப் பாடநூலில் தந்தை தேங்காய் துருவுகிறார். ஆந்திரப் பள்ளிகளில் மதிய உணவு நாள்தோறும் நடக்கிறது; பரிமாறுவதும் துடைப்பதும் பால், சாதி பாராமல் எழுதிவைத்த முறைப்படி எல்லாப் பிள்ளைகளுக்கும் சுற்றிவரட்டும். எழுதிவைக்காத முறை எளியவர் தலையிலேயே விழும்.

கல்வியாளர்களும் இதற்கு விலக்கல்லர். பாலினக் கோட்பாட்டைக் கருத்தரங்கில் விளக்கிவிட்டு வீடு திரும்பும் ஆய்வாளர் உண்ட தட்டைக் கழுவுபவர் யார்? பாடத்திட்டம் திருத்தப்படும்வரை காத்திராமல் இன்றிரவே மாற்றக்கூடியது அது ஒன்றே.