வழித்துணை

வெளியூர் புறப்படுமுன் மார்க்கபந்து ஸ்தோத்திரத்தைச் சொல்லிவிட்டு வாசற்படி தாண்டுவது நம் இல்லங்கள் பலவற்றில் இன்றும் உள்ள வழக்கம். அப்பைய தீட்சிதர் அருளிய அத்துதிக்கு உரிய பெருமான், வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்தில் மரகதாம்பிகையுடன் எழுந்தருளியிருக்கும் மார்க்கபந்தீசுவரர். தமிழில் வழித்துணைநாதர். மிளகு மூட்டைகளுடன் கள்வர் பயத்தோடு சென்ற வணிகர் ஒருவர் சரணடைய, ஐயனே வீரன் உருவில் அவருக்குத் துணையாக வழிநடந்தான் என்று தலபுராணம் கூறும். கேட்டவருக்கு இறைவன் மனித உருவிலேயே துணை வந்தான் என்பதை அன்பர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

வழிப்போக்கரைக் காப்பது நம் முன்னோருக்குத் தனியொரு தருமம். சாலையை அரசன் அமைத்தான். சத்திரத்தை வணிகர் கட்டினர். நிழல்மரத்தை ஊரார் வளர்த்தனர். திங்களூரில் அப்பூதியடிகள், தாம் கண்ணாலும் கண்டிராத திருநாவுக்கரசரின் திருப்பெயரால் தண்ணீர்ப்பந்தல் அமைத்தார். கருவுற்ற நிலையில் ஒரு பெண் இறந்தால், அவள் நினைவாக வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் நாட்டினர். தம் வீட்டுத் துயரத்தை முன்பின் அறியாதவரின் தோள்சுமை இறங்கும் இடமாக ஆக்கிய பண்பாடு நம்முடையது. ஒருவரே எல்லாம் செய்யவில்லை. ஒவ்வொருவரும் தம் பங்கைச் செய்தனர்.

இன்றைய சாலையில் கள்வர் பயம் இல்லை, வேகம் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்துகளில் 1,72,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டில் 18,347 பேர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 வீடுகளில் இழவு. இது தலைவிதி என்று சொல்லிக் கடந்துவிட இயலாது. ஏனெனில் இதைக் குறைக்கக் கூட்டு முயற்சியால் இயலும். தமிழ்நாட்டில் காவல், போக்குவரத்து, நெடுஞ்சாலை, மக்கள் நல்வாழ்வு ஆகிய துறைகள் கைகோத்துப் பணியாற்றின. விபத்து மிகுந்த இடங்களைக் கண்டறிந்து சீர்செய்தனர். ஆம்புலன்ஸ் விரைந்து சென்றடைய வழிசெய்தனர். ஆயினும் உயிரிழப்பு தொடர்கிறது. ஆகவே இது கும்பாபிஷேகம் போல் ஒருமுறை செய்து நிறைவு காணும் காரியமன்று; நித்திய பூஜை போல் நாள்தோறும் செய்ய வேண்டியது.

விபத்துக்குப் பிந்தைய முதல் ஒரு மணி நேரமே உயிரைக் காப்பதில் பெரும்பங்கு வகிக்கிறது என்பது மருத்துவர்கள் வாக்கு. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்குவோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. அரசு மருத்துவமனைகளோடு தனியார் மருத்துவமனைகளும் இதில் சேர்ந்துள்ளன. அடிபட்டவர் எந்த மாநிலத்தவர், குடும்ப அட்டை உண்டா என்ற கேள்விகள் இல்லை.

ஆயினும் சாலையில் ஒருவர் விழுந்து கிடந்தால், ‘நமக்கேன் வம்பு, காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய நேரும்’ என ஒதுங்குவோர் இன்றும் உளர். அந்த அச்சம் இனி வேண்டாம். உதவுவோரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்கு 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை தந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அதற்கெனத் தனிப்பிரிவு சேர்க்கப்பட்டது. அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பவர் தம் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. அவரை அங்கே நிறுத்தி வைக்கவும் கூடாது. விரும்பினாலன்றிச் சாட்சியாக்கவும் கூடாது. இச்செய்தியைப் பெரியவர்கள் தம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எடுத்துரைக்க வேண்டும். 108-ஐ அழைக்கும் ஒரு குரல், அவ்வேளையில் வழித்துணைநாதனின் குரல்.

யாத்திரைப் பாதைகளிலும் கூட்டுப்பணி பலன் தருகிறது. கேரளத்தில் சபரிமலை செல்லும் மலைச்சாலைகளில் மண்டல, மகரவிளக்குக் காலங்களில் ‘சேஃப் ஸோன்’ என்னும் பெயரில் மோட்டார் வாகனத் துறை இரவும் பகலும் ரோந்து வருகிறது. பழுதுபட்ட வாகனங்களுக்கும் உதவுகிறது. தைப்பூசத்திற்குப் பழனி செல்லும் பாதயாத்திரை அன்பர்களுக்குச் சாலையோரம் தனி நடைபாதை அமைக்கப்பட்டுள்ளது; இருளில் ஒளிரும் ஸ்டிக்கர்களைக் காவல்துறையினர் அவர்தம் பைகளில் ஒட்டி அனுப்புகின்றனர்.

இனி நம் பங்கு. ஜனவரி மாதம் நாடெங்கும் சாலைப் பாதுகாப்பு மாதமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நமக்கு அது மார்கழியின் பிற்பாதியும் தையின் முற்பாதியும். இருள் பிரியாத வேளையில் திருப்பாவைக்கும் திருவெம்பாவைக்கும் கோயில் நோக்கி நடப்போர் வெளிர் நிற ஆடை உடுத்திக் கையில் ஒரு டார்ச் விளக்கும் கொண்டு செல்வது நலம். நந்தனம் என்பது இந்திரனின் பூஞ்சோலைப் பெயர். ஆனால் நந்தனம் சந்திப்பில் அண்ணா சாலையைக் கடப்பது எளிதன்று. வெங்கடநாராயணா சாலைத் திருப்பதி தேவஸ்தானக் கோயிலுக்குச் செல்லும் முதியோர், தீபாராதனைக்கு நேரமாயிற்றே என்று பதறிச் சிவப்பு விளக்கில் அடியெடுத்து வைத்தல் கூடாது. பெருமாள் எங்கும் போய்விட மாட்டார்.

குடும்பத்தோடு வேனில் நவக்கிரகத் தலங்களுக்குச் சென்றால், ‘இன்றிரவே வீடு திரும்பிவிடலாம்’ என்று இளையவர்கள் முடிவு செய்வர். பகலெல்லாம் ஓட்டிய ஓட்டுநர் உறங்க வேண்டும் என்று சொல்லக் கூடியவர் வீட்டுப் பெரியவரே. ஒரு சத்திரத்தில் தங்கி விடியற்காலையில் புறப்பட்டால் புண்ணியம் குறைந்துவிடாது. புது வண்டிக்குப் பூஜை போடும்போது ஹெல்மெட்டையும் சுவாமி பாதத்தில் வைத்து வாங்கி, பேரன் தலையில் தாத்தாவே அணிவிக்கட்டும். காவலர் சொல்லிக் கேளாத பிள்ளை அதைக் கழற்றத் தயங்குவான்.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். ஆயுத பூஜையன்றும் அமாவாசைதோறும் கண்ணேறு கழியப் பூசணிக்காயை நடுச்சாலையில் உடைக்கிறோம். சிதறிய துண்டுகளில் சக்கரம் வழுக்கி இருசக்கர வாகனத்தில் வருவோர் விழுகின்றனர். காவல்துறை ஆண்டுதோறும் வேண்டிக்கொள்கிறது, நாம் செவிசாய்ப்பதில்லை. நம் வீட்டுத் திருஷ்டி கழிய வேறொரு வீட்டுப் பிள்ளை கால் முறிந்து கிடப்பதை எந்தத் தெய்வம் ஏற்கும்? வாசலுக்குள் ஓரமாக உடைத்து, உடனே அள்ளி அப்புறப்படுத்துவோம். கோயில் அர்ச்சகர்களும் கடை உரிமையாளர்களும் இதைச் சொன்னால் ஒரே ஆண்டில் ஊர் மாறும். சுமைதாங்கி நாட்டியவர்களின் வழிவந்த நாம், பிறர் செல்லும் பாதையில் இடறலை வைக்கலாகாது.