எண்ணிலும் ஒரு பூட்டு

திண்டுக்கல் தலைமைத் தபாலாபீஸின் எண் 624001. அதைச் சற்றே வகுத்துப் பார்த்தோம். 7, 97, 919 என்னும் மூன்று பகா எண்களின் பெருக்கற்பலன் அது! மூன்றையும் பெருக்குவது நிமிஷ வேலை. எண்ணை மட்டும் கொடுத்தாலோ, பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்து 97 வரை வந்தாக வேண்டும்.

அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் பூட்டும் இப்படித்தானே? பூட்டக் குழந்தைக்கும் முடியும். திறக்கச் சாவி வேண்டும். இரண்டு பெரும் பகா எண்களைப் பெருக்கி, அறுநூறு இலக்கங்களுக்கு மேல் அமைத்த எண்ணைப் பிரிப்பது இன்றைய கணிப்பொறிகளுக்கும் அசாத்தியம். 1977-ல் அமெரிக்காவில் மூவர் இந்தக் கஷ்டத்தையே ரகசியச் செய்திகளுக்குக் காவலாக்கினர்.

2002-ல் நமது கான்பூரில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்ஸேனா ஆகிய மூவர், ஓர் எண் பகா எண்ணா அன்றா என்று விரைவில் ஐயமறத் தீர்மானிக்கும் வழி கண்டனர், உலகம் வியந்தது. ஆயினும் காரணிகளைக் காட்டும் சாவி அதில் இல்லை.

எண் பூட்டைப் போற்றும் நாம், இரும்புப் பூட்டை மறக்கலாமா? திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறைகளோ குறைந்து வருகின்றன. பட்டறைக்காரரின் பேரன் கணிதம் பயிலட்டும். பாட்டனார் செய்த பூட்டு நம் வாசற்கதவில் தொங்கட்டும்.