பயங்கரமா நல்லாருக்கு!

பொங்கலுக்கு இலுப்பூர் வந்திருந்த பேரன், சர்க்கரைப் பொங்கலை ஒரு வாய் போட்டதும், "பயங்கரமா இருக்கு தாத்தா!" என்றான். "பொங்கல்ல என்னப்பா பயங்கரம்?" என்றேன். சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆங்கிலப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஆங்கிலத்தில் 'டெரிபிளி' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். அச்சுறுத்துவதைக் குறிக்கும் லத்தீன் வினையில் பிறந்தது அது. 'அஞ்சத்தக்க விதமாக' என்பதே பழைய பொருள். நாளடைவில் தேய்ந்து வெறும் 'மிக' ஆகிவிட்டது. இன்று 'டெரிபிளி சாரி' என்பவர் எவரும் நடுங்குவதில்லை.

"சொல் தேய்வது இயற்கைதானே சார், நம்ம 'ரொம்ப'கூட 'நிரம்ப' தேய்ந்ததுதானே" என்பார் நண்பர். உண்மை. ஆனால் 'நிரம்ப' தேய்ந்ததால் நமக்கு நஷ்டமில்லை. 'பயங்கரம்' தேய்ந்தால் அச்சத்தை எதைக்கொண்டு சொல்வது?

2018 நவம்பர் 16. கஜா புயல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. லைன் கிடைத்ததும் சென்னையிலிருக்கும் மகனிடம், "காத்து பயங்கரமா அடிச்சுதுப்பா" என்றேன். "அப்படியாப்பா, சரி, அப்புறம் பேசுறேன்" என்றான். அவன்மேல் தப்பில்லை. தினமும் காப்பிக்கும் சினிமாவுக்கும் கேட்கிற சொல்தானே!

மிகுதியைச் சொல்ல நன்னூல் ஆறு சொற்கள் தருகிறது: சால, உறு, தவ, நனி, கூர், கழி. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 'ரொம்ப' இருக்கிறது, 'மெத்த' இருக்கிறது. பயங்கரத்தைப் பயத்துக்கே விட்டுவையுங்கள், பிள்ளைகளே.