சோழிக் கணக்கும் கருந்துளையும்

உழவர்கரையில் மாதம் ஒருமுறை நாம் சிலர் கூடி நூல்கள் பற்றிப் பேசுவதுண்டு. கல்லூரி ஆசிரியர், வங்கி ஊழியர், ஓய்வுபெற்ற அஞ்சலக அலுவலர் எனப் பத்துப் பன்னிரண்டு பேர். சென்ற கூட்டத்தில் நண்பர் ஒருவர், அழிந்துபட்ட தமிழ் நூல்களைக் குறித்து ஒரு கட்டுரை படித்தார். உழைப்புத் தெரிந்த நல்ல கட்டுரை. முடிவில் மட்டும் ஒரு வரி வைத்திருந்தார். கருந்துளைக்குள் விழுந்த தகவல்கூட அழிவதில்லை என்று அறிவியல் கண்டுவிட்டதாம்; ஆகவே நம் ஏடுகளும் எங்கோ இருக்கத்தான் வேண்டுமாம். அனைவரும் கைதட்டினர். நாமும் தட்டினோம். ரெட்டியார்பாளையம் தாண்டுவதற்குள் கை கூசத் தொடங்கிவிட்டது.

காரணம் உண்டு. நம் வீட்டில் ஓர் ஏட்டுக்கட்டு இருந்தது. பாட்டனாரின் தந்தை காலத்தது. மாட்டு வைத்தியம் என்பார் ஒருவர், அம்மானை என்பார் இன்னொருவர். பிரித்துப் படித்தவர் எவருமில்லை. நாம் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு போகியன்று பழம்பாயோடும் உடைந்த முறத்தோடும் சேர்த்து ஆயா அதைத் தீயில் இட்டார். பனையோலை நன்றாக எரியும். தமிழில் முதுகலை முடித்து, ஏட்டுச்சுவடி என்றால் என்னவென்று தெரிந்துகொண்ட பிறகு அந்தத் தீ பலமுறை நினைவில் வந்ததுண்டு. அதில் இருந்தது மாட்டு வைத்தியமா அம்மானையா என்பது இன்றுவரை தெரியாது.

எரிந்த ஏட்டைப் பற்றி இயற்பியலார் சொல்வது வேறு. சாம்பல், புகை, வெப்பம், ஒளி அனைத்தையும் ஒரு துகள் விடாமல் பிடித்து, ஒவ்வொன்றின் இயக்கத்தையும் பிழையின்றிக் குறித்துக்கொண்டால், கணக்கைப் பின்னோக்கி ஓட்டி ஓலையில் இருந்த எழுத்தை மீட்டுவிடலாம் என்பர். குவாண்டம் இயக்கவியலின் அடிப்படைக் கட்டளை அது: இன்றைய நிலை முழுமையாகத் தெரிந்தால் நேற்றைய நிலையும் தெரிந்தாக வேண்டும். கொள்கையளவில் மட்டுமே. நடைமுறையில் எவராலும் ஆகாது. ஆகவே ஏட்டுக்கு ஆறுதல் தேடிக் கருந்துளைவரை போகவேண்டியதே இல்லை, போகிச் சாம்பலே போதும். அந்த ஆறுதல் எவ்வளவு பெறும் என்பது எரித்த வீட்டாருக்குத் தெரியும்.

கருந்துளையின் வழக்கு இதினும் கடுமையானது. அங்கே கொள்கையளவிலேயே தகவல் போய்விடுகிறது என்றுதான் ஸ்டீபன் ஹாக்கிங் 1976-இல் எழுதினார். ஐம்பது ஆண்டுகளாக நடக்கும் சச்சரவு அதனால் வந்தது. அதை ஒரு வரியில் முடித்து மங்களம் பாடுவது முறையன்று என்பதே நம் எண்ணம்.

கதை ஒரு தேநீர்க் கோப்பையில் தொடங்குகிறது. பிரின்ஸ்டனில் ஜான் வீலர் என்னும் பேராசிரியர் தம் மாணவர் ஜேக்கப் பெக்கன்ஸ்டைனிடம் வேடிக்கையாக ஒன்று சொன்னார். சூடான தேநீரையும் ஆறியதையும் கலக்கும்போது தாம் ஒரு குற்றம் செய்கிறோமாம். உலகின் ஒழுங்கின்மையைக் கூட்டிவிட்டோமாம். பக்கத்தில் ஒரு கருந்துளை இருந்து அதற்குள் கோப்பையைப் போட்டுவிட்டால் குற்றத்தின் தடயமே இராதல்லவா? மாணவர் இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. தடயம் மறையாது, கருந்துளையின் எல்லைப் பரப்பு அதற்கேற்பப் பெருகும், அப்பரப்பே அதன் என்ட்ரோபி என்று 1972-இலும் 1973-இலும் எழுதினார். கருந்துளைகளின் மொத்தப் பரப்பு குறையாது என்பதை 1971-இல் நிறுவியவரே ஹாக்கிங்தான். எனினும் பெக்கன்ஸ்டைனின் கூற்றை அவர் முதலில் ஏற்கவில்லை. என்ட்ரோபி இருந்தால் வெப்பநிலை இருக்க வேண்டும். வெப்பநிலை இருந்தால் கதிர்வீச வேண்டும். எதையும் வெளியே விடாததற்கு ஏது கதிர்வீச்சு? மறுக்கப் புகுந்தவர் கணக்கிட்டுப் பார்த்தார். கதிர்வீச்சு வந்துவிட்டது. 1974 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் அது அச்சாயிற்று. மறுக்க எடுத்த கோலே அளவுகோலாகிவிட்ட இந்நிகழ்ச்சியை நம் வகுப்பில் சொல்லும்போது, உரையாசிரியர் மரபில் மறுதலைக் கூற்றுக்கு ஏன் அவ்வளவு இடம் என்பது மாணவர்க்குச் சட்டென விளங்கிவிடுகிறது.

பரப்பு குறையாது என்பது இன்று வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2025 சனவரி 14 அன்று பதிவான ஈர்ப்பலையில், இரு கருந்துளைகள் இணைந்து ஒன்றாயின. முன்பு இரண்டின் கூட்டுப் பரப்பு ஏறத்தாழ 2,40,000 சதுர கிலோமீட்டர். இணைந்தபின் ஏறத்தாழ 4,00,000. தமிழ்நாட்டைப்போல் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்தது மூன்று மடங்காயிற்று என்று கொள்ளலாம். இணைந்த கருந்துளை தட்டிய மணிபோல் அதிர்ந்து அடங்கும் ஓசையிலிருந்து இதை அளந்தனர். அவ்வதிர்வை 1970-லேயே கணித்துக் காட்டியவர் பெங்களூரில் பிறந்த சி.வி.விசுவேசுவரா. முதல் ஈர்ப்பலை அறிவிக்கப்பட்ட 2016-இல் அவர் இருந்தார். மறு ஆண்டு மறைந்தார்.

ஹாக்கிங் சொன்ன கதிர்வீச்சின் நிலை வேறு. எந்தக் கருந்துளையிலிருந்தும் அதை எவரும் கண்டதில்லை. சூரியன் அளவு நிறையுள்ள கருந்துளையின் வெப்பநிலை, தனிச்சுழிக்கு மேல் ஒரு கெல்வினில் கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதைச் சூழ்ந்த வெளியோ 2.7 கெல்வினில் இருக்கிறது. ஆகவே இன்றைக்கு அது விடுவதினும் வாங்குவதே மிகுதி. அண்டம் குளிர்ந்து, கருந்துளை கரையத் தொடங்கி, முற்றும் ஆவியாக ஒன்றை அடுத்து 67 சுழியங்கள் இடும் அளவு ஆண்டுகள் ஆகும். அண்டத்தின் இன்றைய வயது 1,380 கோடி ஆண்டுகளே. விந்தை என்னவெனில், கரையக் கரைய அது குளிர்வதில்லை, மேலும் மேலும் சூடேறுகிறது. நம் அடுப்பங்கரைப் பட்டறிவு எதற்கும் இது ஒத்துவராது.

இவ்விடத்தில் சொல்லாக்கம் பற்றி ஒரு வார்த்தை. என்ட்ரோபி என்பதற்குச் 'சிதறம்' என்று தமிழில் ஆக்கியிருக்கின்றனர். தமிழாசிரியரான நாம் அதை வரவேற்போம் என்று எதிர்பார்ப்பார்கள். நாம் வரவேற்கவில்லை. கருந்துளையைப்போல் ஓரிடத்தில் ஒடுங்கிய பொருள் வேறில்லை. ஆயினும் சூரியனின் என்ட்ரோபியைக் காட்டிலும் அதே நிறையுள்ள கருந்துளையின் என்ட்ரோபி கோடானுகோடி மடங்கு மிகுதி. அங்கே சிதறுவது எது? வெளித்தோற்றம் ஒன்றாகவே இருக்க, உள்ளே எத்தனை வகையாக இருந்திருக்கக்கூடும் என்னும் எண்ணிக்கையின் அளவே என்ட்ரோபி. மறைந்திருப்பதன் அளவு என்று சொன்னால் ஓரளவு பொருந்தும். அதற்கோர் ஒற்றைச் சொல் கிடைக்கும்வரை என்ட்ரோபி என்றே எழுதுவதில் தமிழுக்கு இழுக்கில்லை. தவறான தமிழ்ச்சொல், தமிழ்ச்சொல் என்பதனாலேயே சரியாகிவிடாது.

இனிச் சிக்கலுக்கு வருவோம். ஹாக்கிங் கணக்கின்படி வெளிவரும் கதிர்வீச்சு வெறும் வெப்பம். கருந்துளையின் நிறை, மின்னூட்டம், சுழற்சி ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் அது சொல்லாது. உள்ளே விழுந்தது ஏட்டுக்கட்டா, எருமை மாடா, ஒன்றும் தெரியாது. கருந்துளை இருக்கும்வரை கவலையில்லை, செய்தி உள்ளே இருக்கிறது எனலாம். முற்றும் ஆவியான பின்? பெட்டியும் இல்லை, பெட்டியிலிருந்ததும் இல்லை. எஞ்சுவது வெப்பம் மட்டும்.

இங்கே டான் பேஜ் என்பவர் 1993-இல் எழுதியது, நம்மைப்போல் பழந்தமிழ் படிப்போர் ஊன்றிப் பார்க்கத்தக்கது. தகவல் தப்பித்து வெளிவருவதாயின் அது எந்த ஒரு துகளிலும் இராது. துகளுக்கும் துகளுக்கும் இடையிலான உறவில் இருக்கும். பாதிக் கதிர்வீச்சு வெளிவரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாலும் ஏறத்தாழ ஒன்றுமே புலப்படாது. பின்பாதி முன்பாதியோடு சேரும்போதுதான் பொருள் தெரியத் தொடங்கும்.

வளையாபதியை நினைத்துக்கொண்டோம். இன்று கிடைப்பவை 72 பாடல்கள். பெரும்பகுதி புறத்திரட்டு என்னும் தொகைநூல் காத்துத் தந்தவை. தொகுத்தவர் பாடல்களைக் கல்வி, துறவு, நிலையாமை எனத் தலைப்புவாரியாக அடுக்கிவிட்டார். பாடல் இருக்கிறது, எந்தப் பாடலுக்குப்பின் எந்தப் பாடல், யார் யாரிடம் எப்போது சொன்னது என்னும் தொடர்பு போயிற்று. தொடர்பு போனதால் காப்பியமே போயிற்று. கதை இதுதான் என்று இன்று எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒப்புமையை இதற்குமேல் இழுக்கக்கூடாது. வளையாபதியின் ஒவ்வொரு பாடலும் தனித்து நின்றும் பொருள் தரும். ஹாக்கிங்கின் துகள் தனித்து நின்று எதுவும் தராது. ஆனால் நூல் என்பது பாடல்களின் குவியல் அன்று என்பதை நமக்கு எந்த இலக்கணமும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஹாக்கிங் தம் கட்சியை 2004-இல் டப்ளினில் விட்டுக்கொடுத்தார். 1997-இல் ஜான் பிரெஸ்கிலோடு கட்டிய பந்தயத்தில் தோற்றதாக ஒப்புக்கொண்டு, பேஸ்பால் கலைக்களஞ்சியம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். நம் நண்பரின் கட்டுரை இதோடு நின்றுவிட்டது. விட்டுக்கொடுத்தது பந்தயத்தைத்தான், சிக்கல் அப்படியே இருந்தது. 2012-இல் எழுந்த ஒரு வாதம், தகவல் தப்பிக்க வேண்டுமானால் கருந்துளையின் எல்லையிலேயே ஒரு நெருப்புச் சுவர் இருந்தாக வேண்டும் என்றது. 2019-இல் சில ஆய்வாளர்கள் பேஜ் சொன்ன வளைகோட்டை ஈர்ப்புக் கணக்கிலிருந்தே வருவித்தனர். வளைகோடு வந்தது. தகவல் எவ்வழியே வெளியேறுகிறது என்பது அதில் தெளிவாகவில்லை.

நம்மூர்ப் பக்கத்து ஆய்வுகளும் இதில் உண்டு. நம் சிற்றிதழ்களில் இவற்றைப் பற்றி ஒரு வரி கண்டதாக நினைவில்லை. சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் ரொமேஷ் கவுலும் பார்த்தசாரதி மஜும்தாரும், எல்லைப் பரப்பின் நுண்ணிலைகளை எண்ணிப் பார்த்து, பெக்கன்ஸ்டைன் வாய்பாட்டுக்கு ஒரு சிறு திருத்தம் வருவதை 2000-இல் வெளியிட்டனர். மடக்கையில் வரும் அத்திருத்தம் பின்னர் உலகெங்கும் பேசப்பட்டது. அசோக் சென் 1995-இலேயே இழைக் கோட்பாட்டின் வழியே இவ்வெண்ணிக்கையைத் தொட்டவர். சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகத்தைச் சேர்ந்த அலோக் லட்டாவும், பெங்களூரில் சுவ்ரத் ராஜுவும் பிறரும் 2020-இல் வைத்த வாதம் துணிவானது: குவாண்டம் ஈர்ப்பில் தகவல் உள்ளே போய்ப் பின் வெளியேறுவதில்லை, அது எப்போதும் வெளியிலும் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. ஈர்ப்பு எதையும் முழுதாக ஒளிக்க விடுவதில்லை என்பது அதன் சாரம். எல்லாரும் இதை ஏற்றுவிடவில்லை. ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், நமக்கு ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இது நடந்துகொண்டிருக்கிறது. தமிழில் கருந்துளை பற்றி எழுதுவோரோ, 1935-இல் சந்திரசேகரை எடிங்டன் அவமதித்த கதையைச் சொல்லி, நம்மவருக்கு இழைத்த அநீதி என்று பெருமூச்சு விட்டு முடித்துவிடுகின்றனர். அதே சந்திரசேகர் 1983-இல் கருந்துளைகளின் கணிதத்தை முழுதும் வகுத்து ஒரு பெருநூல் எழுதினார் என்பது மனக்குறைக்கு உதவாது போலும்.

இன்னொரு சாரார் நம் முன்னோருக்கு இதெல்லாம் தெரியும் என்பர். தெரியாது. அதனால் அவர்களுக்குக் குறைவுமில்லை. அவர்களுக்குத் தெரிந்தது எது என்பதற்குப் புதுச்சேரியிலேயே சான்று இருக்கிறது. ஜான் வாரன் என்பவர் பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலேயப் படையில் பணியாற்றியவர். இறுதியில் புதுச்சேரியில் மறைந்தவர். 1825-இல் வெளியான தம் 'கால சங்கலித' நூலில் இவ்வூர்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமான வாக்கியங்களின் எழுத்துகளிலிருந்து எண்களை எடுத்து, அவ்வாண்டு மே 31-ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடமே பிழை. அக்கணக்கின் கோட்பாடு என்னவென்று அவருக்குத் தெரியாது என்பது வாரன் குறிப்பு. (வெப்பவியலைத் தொடங்கிவைத்த சாதி கார்னோவின் சிறுநூல் பாரிசில் வந்தது அதற்கு முந்திய ஆண்டுதான்.)

இன்றைய கருந்துளை இயற்பியலைப் படிக்கப் படிக்க அந்தப் பஞ்சாங்கக்காரரே கண்முன் நிற்கிறார். எல்லைப் பரப்பைப் பிளாங்கு அலகில் அளந்து நான்கால் வகுத்தால் என்ட்ரோபி கிடைக்கிறது. எண்ணப்படுவது எது என்பது சில சிறப்புவகைக் கருந்துளைகளுக்கு மட்டுமே ஓரளவு தெரியும். வானத்தில் உண்மையில் இருப்பவற்றுக்கு வாய்பாடு உண்டு, பொருள் இன்னும் இல்லை. இயற்பியலார் இதை மறைப்பதில்லை. சோழி சரியாக விழுகிறது, ஏன் என்று தெரியவில்லை என்று அவர்களே சொல்கின்றனர். நம் மேடைகளில்தான் அந்தத் தயக்கம் கழன்று, கண்டுபிடித்துவிட்டார்கள் என்னும் முழக்கம் மட்டும் வந்து சேர்கிறது.

அடுத்த கூட்டத்தில் நண்பரிடம் இதைச் சொல்வதாக இருக்கிறோம். கட்டுரையின் கடைசி வரியை எடுத்துவிட்டு அச்சுக்குக் கொடுக்கும்படி கேட்போம். அவர் ஒப்புக்கொள்ளாமலும் போகலாம். அவர் வீட்டிலும் ஒரு கட்டு இருந்து கரையான் தின்றதாக ஒருமுறை சொன்னார்.