செத்த காலேஜா?

செத்த காலேஜ்! சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு நம் மக்கள் சூட்டிய பெயர் இது. உறுமும் புலியும் தாவும் குரங்கும் இருந்த இடம் உயிர்க் காலேஜ். பாடம் செய்த பறவையும் பழங்கல்லும் உள்ள இடம் செத்த காலேஜ். புலியும் குரங்கும் வண்டலூர் சென்று நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. பெயரோ, பாட்டியின் வாயிலிருந்து பேரனின் வாய்க்கு வந்து சேர்ந்துவிட்டது. வேடிக்கைப் பெயர்தானே என்று விட்டுவிடலாம், மனம் கேட்கவில்லை. 1851இல் தோன்றிய அந்த அறிவுக் கூடத்தை நாம் நடத்தும் விதமே அந்தப் பெயரில் அடங்கிக் கிடக்கிறது.

திண்டுக்கல்லில் வண்டி ஏறுகிறது ஒரு குடும்பம். இரவெல்லாம் கண்விழித்து, 400 கிலோமீட்டருக்கு மேல் கடந்து, தலைநகர் சேருகிறது. தோளில் குழந்தை, கையில் புளிச்சோற்றுப் பொட்டலம். காலையில் வடபழனி, மாலையில் மெரினா, இரவே திரும்பும் வண்டி. இடையில் கிடைக்கும் அரைமணி அருங்காட்சியகத்துக்கு! வெள்ளிக்கிழமை அங்கு விடுமுறை என்று சொல்வாரில்லாமல், வாயில்வரை வந்து மூடிய கதவைக் கண்டு திரும்புவோரும் உண்டு. பூட்டுக்குப் பேர்பெற்ற ஊராருக்குப் பூட்டிய கதவே காட்சி!

கதவு திறந்திருந்தால் உள்ளே செல்வது யார்? அப்பா செல்கிறார், மாமா செல்கிறார், பையன் ஓடுகிறான். அம்மா? மரத்தடியில் அமர்கிறாள், பைகளுக்குக் காவலாக. "அவளுக்கு என்ன புரியப் போகிறது?" என்கிறார் குடும்பத் தலைவர். அவருக்கு என்ன புரிந்தது என்று கேட்பார் யார்?

விடுமுறை முடிந்ததும் 'நான் கண்ட சென்னை' என்று மாணவர்கள் எழுதும் கட்டுரைகளைத் திருத்துபவன் நான். கடற்கரைக்கு ஒரு பக்கம், கடைத்தெருவுக்கு ஒரு பக்கம்; அருங்காட்சியகத்துக்கு ஒரே வரி: திமிங்கிலத்தின் எலும்பு பார்த்தோம், பெரிதாக இருந்தது. பிள்ளையைக் கடிந்து பயனில்லை. பெரிதாக இருந்ததைப் பார்த்தான்; பெரிய செய்தியை அவனுக்குச் சொல்ல ஆளில்லை.

சொல்வதற்கா பஞ்சம்! 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் ஒரு கல்லை எடுத்தார் இராபர்ட் புரூஸ் பூட் எனும் நிலவியலாளர். கல்லெனினும் வெறுங்கல் அன்று. ஆதிமனிதன் செதுக்கிய கருவி. அவர் திரட்டிய பெருந்தொகுப்பு பின்னாளில் இந்த அருங்காட்சியகத்துக்கே வந்தது. அதே 1863இல் அவர் கண்டறிந்த அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு பழைமையுடையவை என்று 2011இல் அறிவித்தனர் ஆய்வாளர். கிருதயுகம், திரேதாயுகம் என்று புராணிகர் கணக்கு ஒப்பிக்கிறார். கையில் ஒரு கல்லையேனும் எடுத்துக் காட்டுகிறாரா? ஈதோ கல், ஈதோ அது கிடைத்த மண்ணடுக்கு, ஈதோ காலம் கணித்த முறை என்று காட்டுகிறது ஆய்வு. காண நமக்கு நேரமில்லை!

அப்பால் செப்புத்திருமேனிகளின் கூடம். திருவாலங்காட்டு நடராசர் நிற்கிறார். கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்கிறது கூட்டம். நகருமுன் ஒன்று எண்ணக்கூடாதா? இங்கே கருவறை இல்லை; எட்டி நில் என்பார் இல்லை; என்ன குலம் என்று கேட்பார் இல்லை. திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள மதுரையில், மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைய 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்நாளில் கோயில் வாசலோடு தடுக்கப்பட்டவரின் கொள்ளுப்பேரன், இன்று அச்சிலையின் விரல் நுனியை, வார்த்த தச்சனின் திறனை, நின்று நிதானமாகக் காணலாம். காணாமலே போகிறான், கடற்கரைக்கு நேரமாயிற்றென்று!

"உழைத்துக் களைத்தவன் ஒருநாள் உல்லாசமாக இருக்க வந்தால், அங்கும் பாடமா?" என்று சீறுகிறார் படித்த நண்பர் ஒருவர். நூற்பாலையிலும் தோல் தொழிலிலும் உழைப்பவனுக்குக் கடற்காற்று வேண்டாமென்று சொல்பவன் நானல்லன். ஆனால், பாமரனுக்கு இதெல்லாம் எட்டாது என்று நண்பர் அடக்கி வாசிக்கிறாரே, அதைத்தான் மறுக்கிறேன். 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ தோண்டியெடுத்த ஆதிச்சநல்லூர் இரும்புப் பொருள்களை நம் ஊர்ப் பூட்டுத் தொழிலாளி முன் வையுங்கள். எப்படிக் காய்ச்சினான், எப்படி அடித்தான், எதைக்கொண்டு கூராக்கினான் என்று அவன் கேட்கும் கேள்விக்கு, பட்டம் பெற்ற நாம் விழிப்போம். முதுமக்கள் தாழியை ஒரு குயவரிடம் காட்டுங்கள். அத்தனை பெரிய கலத்தைச் சரியாமல் வனைந்தது எப்படி என்று நமக்கு அவர் வகுப்பு நடத்துவார். 'இரும்புக் கருவி', 'மண்தாழி' என்று இரண்டே சொல் எழுதிப் பலகை மாட்டுவோருக்கு இவர்கள் நினைவு வருவதில்லை. அதே ஆதிச்சநல்லூரில் 1876இல் தோண்டி, கிடைத்ததைக் கடல்கடந்து பெர்லினுக்குக் கொண்டுபோனார் யாகோர். அயலானுக்கு அருமை தெரிந்தது!

தலைநகர்வரை ஏன் போகவேண்டும்? தைப்பூசத்துக்குத் திண்டுக்கல் வழியே பழனிக்கு நடப்போர் எத்தனை ஆயிரம்! பழனிக்கு அருகில் பொருந்தல் என்றோர் ஊர் உண்டென்று அவருள் எத்தனைபேர் அறிவர்? புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராஜன் 2009இல் அங்கே அகழ்ந்தார். ஈமக்குழியில் சாடி நிறைய நெல் இருந்தது. தமிழ் எழுத்துப் பொறித்த மட்கலத் தாங்கியும் இருந்தது. நெல்லின் காலம் கி.மு. 490 என்று கணித்தது ஆய்வகம். எழுத்தறிவு வடக்கிலிருந்து இரவல் வந்ததென்று ஓதி வந்தோரை ஒரு சாடி நெல் திகைக்க வைத்தது. காவடிக்கு வழிகாட்டும் பலகை ஊருக்கு ஊர் உண்டு. அந்த நெல்லுக்கு வழிகாட்டும் பலகை எங்கே?

மாநகராட்சியையும் கல்வித்துறையையும் கேட்கிறேன். மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒன்று, பழனிப் பாதையில் ஒன்று, பொருந்தலின் செய்தியை நல்ல தமிழில், பெரிய எழுத்தில், படத்தோடு எழுதி வையுங்கள். சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியத் தோழர்கள் அரைமணியை அரைநாளாக்கட்டும். சென்னைக்குச் செல்லும் குடும்பத் தலைவருக்கும் ஒரு சொல்: வெள்ளிக்கிழமை தவிர்த்துப் போங்கள், பைகளோடு மரத்தடியில் நீங்கள் அமருங்கள், அம்மா முதலில் உள்ளே போய் வரட்டும்.