மாதிரி எடுப்பது நம் கையில் இருக்கட்டும்

பருப்பு லோடு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? லாரியின் பின்புறம் தெரியும் முதல் மூட்டையை மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. மேலும் கீழும் நடுவிலுமாக நாலைந்து மூட்டையில் குத்தூசி போட்டு, தட்டில் கொட்டிக் கலந்து பார்த்த பிறகே வாய் திறக்கிறோம். நஷ்டப்பட்டுக் கற்ற பாடம் இது. ஆனால் கடைக்குப் பை வாங்கும்போது மட்டும் இந்தப் பாடத்தை மறந்துவிடுகிறோம்.

தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபின், 'மக்காச்சோள மாவில் செய்தது' என்று கூறி விற்கப்படும் பைகள் பல வந்துள்ளன. விலையும் அதிகம். கேட்டால் 'தாவரக் கார்பன் இத்தனை சதவீதம்' என்று ஒரு சோதனை அறிக்கையை நீட்டுகிறார்கள். அப்படி ஓர் அறிக்கையை நம்பி நாங்களும் வாங்கினோம். சந்தேகம் தோன்றி, வந்த சரக்கிலிருந்தே எடுத்துச் சோதனைக்கு அனுப்பினோம். அறிக்கையில் கண்ட சதவீதத்தில் பாதிகூடத் தேறவில்லை. அந்த அறிக்கை பொய்யல்ல. சோதனைக்குப் போனது ஒரு பை, எங்களுக்கு வந்தது வேறு பை. அவ்வளவுதான்.

இந்தச் சோதனையின் அடிப்படை எளிது. உயிருள்ள செடிகொடிகளில் கார்பன்-14 என்னும் அணு சிறிதளவு உண்டு. செடி மடிந்தபின் அது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த பெட்ரோலிய எண்ணெயில் அது அறவே இராது. பையின் ஒரு துணுக்கை எரித்து, வரும் கரியமில வாயுவில் கார்பன்-14 எவ்வளவு என்று அளந்தால், செடியிலிருந்து வந்தது எவ்வளவு, எண்ணெயிலிருந்து வந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஏ.எஸ்.டி.எம். டி 6866 என்ற முறை இதற்கானது. அதில் 40 சதவீதம் என்றால் பையின் எடையில் 40 அல்ல. அதிலுள்ள கரிமக் கார்பனில் 40 என்று பொருள். நிரப்பியாகச் சேர்க்கும் சுண்ணாம்புத் தூளின் கார்பன் இக்கணக்கில் சேராது. சுண்ணாம்பு கலந்திருந்தால் ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கருவி எத்தனை நுட்பமானாலும், நாம் கொடுப்பதைத்தான் அது அளக்கும். ஆகவே மாதிரி எடுப்பதில் கவனம் தேவை. சப்ளையர் தரும் மாதிரியை அனுப்பாதீர்கள். வந்து இறங்கிய கட்டுகளிலிருந்து, சப்ளையரின் ஆளை அருகில் வைத்துக்கொண்டு எடுங்கள். ஒரே பேட்ச் எண்ணுள்ள பல கட்டுகளிலிருந்து எடுங்கள். வெவ்வேறு பேட்சுகளைக் கலந்தால் சராசரிதான் வரும்; மோசமான சரக்கு நல்ல சரக்கின் நிழலில் ஒளிந்துகொள்ளும்.

மளிகைக் கடைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாவு, மஞ்சள்தூள், சர்க்கரை எல்லாமே செடியின் கார்பன்தான். அவை ஒட்டிய பையை அனுப்பினால் சதவீதம் பொய்யாக ஏறும். காகித லேபிளும் நூலும் அப்படியே. மண்ணெண்ணெய் பட்டால் பொய்யாக இறங்கும். எனவே பிரிக்காத கட்டிலிருந்து சுத்தமான கையால் எடுத்து, புதிய உறையில் போட்டு ஒட்டுங்கள். பேட்ச் எண், தேதி, பில் எண் ஆகியவற்றை உறையின்மேல் எழுதுங்கள். பையின்மேல் எழுத வேண்டாம். சோதனைக்குச் சில கிராம் போதும். அதே மாதிரியில் ஒரு பங்கைச் சீலிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டுக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். நாளை வழக்கு என்று வந்தால் அதுதான் பேசும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பை மட்கிவிடாது. கரும்பிலிருந்து செய்யும் பாலித்தீன் உண்டு; அது தாவரக் கார்பன்தான், ஆனால் மட்காது. எண்ணெயிலிருந்து செய்தும் மட்கும் பிளாஸ்டிக் உண்டு. 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் மட்கும் பைக்குக் கேட்பது ஐ.எஸ். 17088 தரத்தையும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றையும்தான். தாவரக் கார்பன் அறிக்கையைக் காட்டி அதிகாரியிடம் தப்பிக்க முடியாது. முதலில் அந்தச் சான்றைக் கேளுங்கள். 'தாவரப் பொருள்' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பவரிடம் அதற்குமேல் இந்தச் சோதனையையும் கேளுங்கள்.

கட்டணம் ஒரு சிறு கடைக்குப் பாரம்தான். ஆனால் ஒரே சப்ளையரிடம் வாங்கும் பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்தால் பாரமில்லை. சங்கமே முன்னின்று மாதிரி எடுத்து, முடிவை உறுப்பினர்களுக்கு அறிவிக்கலாம். பை விற்றவர் லாபத்தோடு போய்விடுகிறார். அபராத ரசீது நம் கடைப் பெயரில் வருகிறது. பருப்புக்குக் குத்தூசி எடுத்த கை, பைக்கும் எடுக்கட்டும்.